பட்டப்பகலில் படம்

ஓய்வு பெற்று வீட்டோடு வந்த மறுநாளே டிரைவருக்கு ஒரு உண்மை உறைத்தது. இந்த வீட்டில் தனக்கு உட்கார இடம் கிடையாது.

இடம் இல்லை என்றால் நாற்காலிக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னறையில் சாய்ந்து கால் நீட்டிக்கொள்ளும் நாற்காலி ஒன்று இருக்கிறது, மகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் வாங்கிக் கொடுத்தது. அதற்கு எதிரே வெற்றுச் சுவர். மகளின் அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய ப்ரொஜெக்டர் ஒன்று. ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, துணியை இழுத்துவிட்டால் சுவர் முழுக்கக் கால்பந்து மைதானம் விரியும். வேறு ஒருவராக இருந்தால் காலாட்டிக்கொண்டு ராஜா மாதிரி கிடந்திருப்பார். டிரைவருக்கோ ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே முகம் சுண்டிப்போகும். ஏனென்றால் அவர் சம்சாரம் இருப்பது முன்னறையில்.

அக்கம்பக்கத்துக்கெல்லாம் அந்த அம்மாள் டெய்லரம்மா. முன்னறைதான் அவளுடைய கடை, பட்டறை, ராஜ்ஜியம் எல்லாம். ஜன்னலோரம் தையல் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை. எதிர்ச் சுவரை அடைத்துக்கொண்டு தைத்து முடித்த உடுப்புகள் தொங்கும் ரேக், ரேக்குக்கு அடியில் வரிசையாகத் துணிமூட்டைகள். பகலெல்லாம் ஜன்னல் வெளிச்சம், அது போதாதென்று கூரையில் வரிசையாக டியூப்லைட்டுகள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்கு வெளிச்சம்தானே சோறு? அந்த அறை இருண்டு யாரும் பார்த்ததில்லை.

டிரைவர் வேலை பார்த்த காலமெல்லாம் தொலைதூரப் பேருந்து. ஒரு ஊரில் சாப்பிட்டு, இன்னொரு ஊரில் தூங்கி, சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போனவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீண்ட சாலைகளில் போகும்போது அவர் மனசில் ஒரே ஆசைதான் ஓடிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான். மலையேற வேண்டும், கடல் தாண்ட வேண்டும் என்றெல்லாம் இல்லை.

சும்மா போய் உட்கார வேண்டியதுதானே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தார். வேலை நடக்கிற இடத்தில் வேலை இல்லாதவன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு டப்பா பட்டனைக் கொடுத்துப் பிரித்து வைக்கச் சொன்னாள். அப்புறம், "என்னங்க, நிழல் அடிக்குது, கொஞ்சம் நகருங்க" என்றாள். நகர்ந்தார். "அங்க இல்லைங்க, அது பேன்ட்டு, அது மேல உக்காராதீங்க." கடைசியில் வாசல்படி வரைக்கும் நகர்ந்து, அங்கிருந்து பின்னறைக்கே போய்ச் சேர்ந்தார்.

கையில் ஒரு ஆட்டம் இருந்தால் முன்னறையில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆட்டம் பார்க்க இருட்டு வேண்டும், அவளுக்கு வெளிச்சம் வேண்டும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். சரி, பெரிய டிவியாக ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிடலாம் என்று ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார்.

"ரேக்கை மறைச்சு டிவியை மாட்டிட்டு, நான் துணியை என்ன, பக்கத்து வீட்டு வழியா எடுக்கணுமா?" என்றாள் டெய்லரம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வந்தவர்தான் மாப்பிள்ளை. வீடுகளுக்கு ப்ரொஜெக்டரும் திரையும் மாட்டிக் கொடுக்கும் கடையில் அவருக்கு வேலை. மகள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ரசமட்டம். கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே குமிழி ஓடும் கட்டை ஒன்று வைத்திருப்பார்களே, அதை மாப்பிள்ளை சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். மாமியார் வீட்டில் முதல்முறை சாப்பிட உட்கார்ந்தபோதுகூட அதை எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்துச் செருகிவிட்டுத்தான் கையைக் கழுவினார். தங்கமான பிள்ளை, அதிலொன்றும் சந்தேகமில்லை.

மாமனார் ஆசையைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "மாமா, உங்களுக்கு வேண்டியது மூணு விஷயம். ஒண்ணு, சுவத்துகிட்டயே வச்சு மேல பெருசா அடிக்கிற ப்ரொஜெக்டர். நடுவுல யாரு நடந்தாலும் நிழல் விழாது, அத்தை யாருக்கு வேணா அளவெடுக்கட்டும். ரெண்டு, பட்டனை அமுக்கினா மோட்டார்ல சுருட்டிக்கிற திரை. அத்தைக்கு ரேக்குல துணி எடுக்கணுமா, சுருட்டிடலாம். மூணாவதுதான் விசேஷம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் திரை சாதாரணத் துணி இல்ல. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வரப்புங்க அதுல இருக்கு. கீழேருந்து ப்ரொஜெக்டர் அடிக்கிற வெளிச்சத்தை நேரா உங்க கண்ணுக்கு அனுப்பிடும். மேலேருந்து வர்ற டியூப்லைட்டை முழுங்கிடும்."

"அப்போ உங்க அத்தை லைட்டு எரியலாமா?"

"வீட்டுல இருக்கிற அத்தனையும் எரியட்டும் மாமா. பட்டப்பகல்ல படம் பாக்கலாம்."

டிரைவருக்கு அந்த நிமிஷமே எழுந்து ஹாரன் அடிக்க வேண்டும் போலிருந்தது.

டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே தன் சட்டத்தைச் சொன்னாள். "ரெண்டே விஷயம். என் லைட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. ரேக்குக்கு அடியில இருக்கிற மூட்டைங்களை நகர்த்தக் கூடாது. ஏதாவது ஒண்ணு நடந்துச்சு, அன்னைக்கே அந்த விசேஷத் துணியை இறக்கி, பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கால்சட்டை தெச்சிடுவேன். நீங்க மறுபடியும் பின்னறைக்கே போயிடணும்."

"சரி" என்றார் டிரைவர். அவர் எதற்கு வேண்டுமானாலும் சரி சொல்லியிருப்பார்.

மாப்பிள்ளையின் கடையில் ஒரு திரை கிடந்தது. காட்சிக்கு வைத்திருந்தது. இடம் மாற்றும்போது யாரோ இடித்து, பெட்டியின் ஒரு முனை நசுங்கிவிட்டது. முதலாளி அதை மாப்பிள்ளைக்கே கொடுத்துவிட்டார். அது தரையில் பெட்டியாகக் கிடந்து, பட்டனை அமுக்கினால் பாம்பு படம் எடுக்கிற மாதிரி கீழேயிருந்து மேலே எழும்பும் வகை. ஆனால் இங்கே தரையில் மூட்டைகள் இருக்கின்றனவே! அத்தை பேச்சை மீற முடியுமா? மாப்பிள்ளை யோசித்தார். நசுங்கிய பெட்டியைக் கழற்றி, திரையைத் தூக்கி நிறுத்தும் மடக்குக் கைகளையும் கழற்றி, உருளையையும் மோட்டாரையும் மட்டும் எடுத்து, கூரையில் மாட்டும் வேறொரு பெட்டிக்குள் வைத்துவிட்டார். மேலேயிருந்து கீழே இறங்கட்டும், யார் காலிலும் இடிக்காது. கெட்டிக்காரப் பிள்ளை என்று டிரைவர் உச்சி குளிர்ந்தார்.

ஒரு விடுமுறை நாள் முழுக்க மாப்பிள்ளை ஏணியிலேயே நின்றார். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும் வரை பெட்டியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். மூட்டைகளுக்கு நடுவே ஒரு குட்டை ஸ்டூல் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த புது ப்ரொஜெக்டரை உட்கார வைத்தார். பட்டனை அமுக்கியதும் சாம்பல் நிறத் திரை மெல்ல இறங்கி ரேக்கை மூடியது. "சினிமாக் கொட்டாய் மாதிரி இருக்கட்டும்!" என்று மகள் ஓடிப்போய் விளக்குகளை எல்லாம் அணைத்தாள். படம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்சம் மங்கலாக இருந்ததென்னவோ நிஜம், ஆனால் அந்தக் குதூகலத்தில் அதை யார் பார்த்தது? மாப்பிள்ளையும் படத்தைப் பார்க்கவில்லை. திரையின் அடிக்கட்டை நேராக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் கடையிலிருந்து போன் வர, புருஷனும் பெண்டாட்டியும் அவசரமாகக் கிளம்பிப் போனார்கள்.

மறுநாள் காலையில் டிரைவர் குளித்து, தலை வாரி, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். பின்னறை நாற்காலியை அவரே இழுத்து வந்து மிஷினுக்குப் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்தார். டெய்லரம்மா பெடலை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். டியூப்லைட்டுகள் எல்லாம் எரிகின்றன. ஜன்னல் திறந்திருக்கிறது. டிரைவர் பட்டனை அமுக்கினார், திரை இறங்கியது, ப்ரொஜெக்டர் கண் விழித்தது.

படத்தைக் காணோம்.

சத்தம் வருகிறது. கூட்டம் கத்துகிறது, விசில் அடிக்கிறது. திரையிலோ டியூப்லைட்டுகள்தான் பளபளவென்று கோடு கோடாக எரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் மைதானம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதோ ஒரு அழுக்கு. டிரைவர் கண்ணைத் துடைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ப்ரொஜெக்டரின் மூக்கையும் துடைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா போன் வர வேண்டும்? மாப்பிள்ளைதான். "மாமா, எப்படி இருக்கு?"

மாப்பிள்ளை செய்த வேலைக்கு மாமனார் குறை சொல்வதாவது! ஒரு விடுமுறை நாள் முழுக்க ஏணியில் நின்ற பிள்ளை. போதாக்குறைக்குப் பின்னால் மகள் குரல் வேறு கேட்கிறது: "அப்பா ரொம்ப சந்தோஷமா இருப்பாரு, கேளுங்க, கேளுங்க!" டிரைவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

"கண்ணைப் பறிக்குது மாப்பிள்ளை!" என்றார். அது பொய்யில்லை. டியூப்லைட் நிஜமாகவே கண்ணைப் பறித்துக்கொண்டுதான் இருந்தது.

டெய்லரம்மா தலையைத் தூக்கவில்லை, ஆனால் மிஷின் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. அவள் முட்டாளில்லை. அன்று மத்தியானம் சாப்பாடு ஆனதும் எழுந்து போய் ஸ்விட்சுகளை வரிசையாகத் தட்டினாள். ஜன்னலையும் சாத்தினாள்.

"ஏம்மா?" என்றார் டிரைவர்.

"கண்ணு கூசுதுங்க. மிஷின்ல குட்டி பல்பு இருக்குல்ல, அது போதும். நீங்க பாருங்க."

படம் ஒருவாறு தெரிந்தது. டிரைவர் பார்த்தார். சிவப்புச் சட்டைக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். ஆகா, இதல்லவா வாழ்க்கை என்று அவர் பக்கத்தில் திரும்பினால், டெய்லரம்மா மூக்கு துணியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, அதே கைத்தையலை மூன்றாம் தடவையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.  டிரைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஆட்டம் நாசமாய்ப் போகட்டும். எழுந்து போய் எல்லா விளக்கையும் போட்டார்.

"ஏங்க போட்டீங்க? படம் தெரியாதே."

"யாரு சொன்னா தெரியாதுன்னு? நல்லாத் தெரியுது. காலையில எனக்குத்தான் கண்ணு சரியாப் பழகல. மாப்பிள்ளை சொன்னாரே, டியூப்லைட்டை முழுங்கிடும்னு. இப்ப முழுங்குது பாரு!"

அன்றிலிருந்து டிரைவர் ஒரு நாடகம் போட ஆரம்பித்தார். தினமும் வந்து உட்காருவார். சாம்பல் துணியை உற்றுப் பார்ப்பார். காதில் விழுகிறதை வைத்துக்கொண்டு, கூட்டம் கத்தினால் இவரும் கத்துவார், விசில் அடித்தால் நடுவரைத் திட்டுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் ஒரு மைதானத்தையே மறைத்தார். கண் எரியும், கழுத்து வலிக்கும். ஆனால் பக்கத்தில் மிஷின் கடகடக்கும், அவள் நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம் கேட்கும். நடுநடுவே, "டீ போடட்டுமாங்க?" என்பாள். இதற்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று டிரைவர் நினைத்தார்.

ஒருநாள் அவர் துள்ளிக் குதித்துக் கை தட்டிக்கொண்டிருந்தபோது டெய்லரம்மா கேட்டாள்: "யாருங்க கோல் போட்டது?"

"சிவப்பு!"

"கோல்கீப்பர் என்ன கலர் சட்டை?"

"கோல்கீப்பரா? மஞ்சள். நல்ல மஞ்சள்."

அவள் எழுந்து, விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தினாள். திரையில் இரண்டு பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. அந்தக் கைதட்டல், யாரோ பிரமுகர் ஒருவர் எங்கோ ஒரு பாலத்தைத் திறந்து வைத்ததற்கு.

டெய்லரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெட்டு மேஜையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். டிரைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"ஒண்ணுமே தெரியாம எதுக்குங்க இத்தனை நாளா இங்க உக்காந்து தொண்டை கிழியக் கத்துறீங்க?"

மென்று விழுங்கிப் பார்த்தார். பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார். "உன் பக்கத்துல உக்காரணும், அதுக்குத்தான். படம் தெரியலன்னு சொன்னா நீ லைட்டை அணைச்சிட்டு கண்ணைக் கெடுத்துக்குவே. இல்லன்னா நான் பின்னறைக்குப் போகணும். எனக்கு அங்க பிடிக்கலம்மா. வண்டியில தனியா உக்காந்திருந்தது போதும்."

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது சிரித்ததால் வந்த நீரா என்று சொல்ல முடியாது. "அப்படின்னா மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிட வேண்டியதுதானே?"

"கண்ணைப் பறிக்குதுன்னு சொல்லிட்டேனே! இப்பப் போயி எந்த மூஞ்சியோட சொல்றது? நீ சொல்லு."

"நானா? மாமியார் வாயால மாப்பிள்ளை வேலையில குத்தம் சொல்லணுமா? உங்க பொண்ணு என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா." டெய்லரம்மா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தாள். யோசித்ததும் அவள் முகத்தில் ஒரு விஷமம் வந்து உட்கார்ந்தது. "நாம சொல்ல முடியாதுங்க. பெத்தவ சொல்லலாம்ல?"

அன்றைக்கே போன் போட்டாள். "சம்பந்தியம்மா, உங்களுக்கு என் கையால ஒரு கோட்டு தெச்சுத் தரணும்னு ரொம்ப நாளா ஆசை. அளவு குடுக்க வாங்களேன். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வந்துடுங்க."

சம்பந்தியம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்கு மனசில் பட்டதை வாயில் நிறுத்தி வைக்கும் பழக்கமில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற மகனையே, "நிமிர்ந்து நில்லுடா, தோளு சரிஞ்சிருக்கு, நீயெல்லாம் ரசமட்டம் வச்சுப் பாக்கறே" என்று சபை நடுவே அதட்டியவள்.

விடுமுறை நாள் காலையில் சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, மகள் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது, எல்லா டியூப்லைட்டும் எரிந்தன. திரை இறங்கியிருந்தது, ப்ரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். டிரைவரைப் பார்த்தாள், தொங்கும் சாம்பல் துணியைப் பார்த்தாள். "ஏன் சம்பந்தி, துணி எப்பக் காயும்னு பாத்துட்டு உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல, மேட்ச் ஓடுது..."

"எங்க ஓடுது? எந்தத் தெருவுல?" கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள். எட்டிப் பார்த்தாள், பின்னால் வந்து பார்த்தாள். "டேய், இங்க வா. இதுதான் நீ ஊருக்கெல்லாம் மாட்டிட்டுத் திரியிற திரையா?"

மாப்பிள்ளை வெளிறிப்போனார். "மாமா கண்ணைப் பறிக்குதுன்னு சொன்னாரேம்மா!"

"பறிக்கும்டா. டியூப்லைட்டு பறிக்கும்!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். டெய்லரம்மா அளவெடுக்கும் சாக்கில் சம்பந்தியம்மாவின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது.

மாப்பிள்ளை போனில் டார்ச்சைப் போட்டார். திரைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார், துணி பளீரென்று மின்னியது. முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பிடித்தார், துணி இருண்டுவிட்டது. இன்னொரு தடவை மேலே, இன்னொரு தடவை கீழே. பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"தலைகீழா மாட்டியிருக்கேன் மாமா! இது தரையிலேருந்து எழும்புற திரை. உருளைகிட்ட இருக்கிறதுதான் துணியோட அடிப்பக்கம். உருளையைக் கொண்டுபோய்க் கூரையில மாட்டினதும் அடி மேல போயிடுச்சு. இப்ப அது டியூப்லைட்டை உங்களுக்கு அனுப்பிட்டு, ப்ரொஜெக்டரை முழுங்குது. குமிழியைப் பாத்தேனே ஒழிய, தலை எது கால் எதுன்னு பாக்கலையே!"

"ஆனைக்கும் அடி சறுக்கும் மாப்பிள்ளை, விடுங்க" என்றார் டிரைவர்.

"இவன் ஆனையா?" என்றாள் சம்பந்தியம்மா.

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். கோபமில்லை, வருத்தம்தான். "ஏன் மாமா சொல்லல? நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னதைக் கேட்டு, இன்னொரு வீட்டுலயும் இப்படியே மாட்டித் தரலாம்னு இருந்தேன். மாப்பிள்ளைன்னு பாத்து என்னை ஊர் சிரிக்க விட்டுடுவீங்க போலிருக்கே."

"தப்புதான் மாப்பிள்ளை" என்றார் டிரைவர். "இனிமே முகத்துக்கு நேரா திட்டிடறேன்." மகள்தான் முதலில் சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும், இனி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

உருளையில் துணியை ஆலையிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள், பிரித்துத் திருப்பினால் கிழிந்துவிடும் என்றார் மாப்பிள்ளை. ஒரே வழிதான். மடக்குக் கைகள் கடையில் பத்திரமாக இருக்கின்றன. நசுங்கிய பெட்டியையும் தட்டி நிமிர்த்திவிடலாம். பழையபடி தரையில் வைத்து, கீழேயிருந்து எழும்ப விட்டால் எல்லாம் சரியாகிவிடும். "ஆனா ரேக்குக்கு அடியில இடம் வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் மூட்டைகளைப் பார்த்தார். எல்லோரும் மூட்டைகளைப் பார்த்தார்கள். பிறகு டெய்லரம்மாவைப் பார்த்தார்கள்.

டிரைவர் எழுந்துவிட்டார். "வேண்டாம் மாப்பிள்ளை. அவ தொழில் பண்ற இடம். ஆரம்பத்துலயே சொல்லிட்டா, நானும் சரின்னுட்டேன். சொன்ன சொல்லை மாத்தக் கூடாது." நாற்காலியின் முதுகைப் பிடித்து, பின்னறைப் பக்கமாக இழுக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டுதான் இழுத்தார், ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. நாற்காலியின் கால் தரையில் கர்ரென்று தேய்ந்தது.

"என்னங்க" என்றாள் டெய்லரம்மா.

நின்றார்.

"அந்தப் பின்னறையை எனக்குக் குடுத்துடுங்க."

"எதுக்கு?"

"மூட்டை வைக்கத்தான். இங்க இருக்கிறதெல்லாம் அங்க போகட்டும். அந்தக் கறுப்புத் துணியையும் கழட்டிக் குடுங்க, நல்ல கனமான துணி, சம்பந்தியம்மா கோட்டுக்கு உள்பக்கம் குடுக்கலாம்."

"அறை முழுக்க மூட்டை வச்சிட்டா நான் எங்க உக்காருவேன்?"

"இதென்ன கேள்வி?" என்றாள் டெய்லரம்மா. "இங்கதான்."

டிரைவர் சட்டென்று திரும்பினார். நாற்காலியை இழுத்த வழியே திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார். சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டேய், பராக்கு பாக்காம மூட்டையைத் தூக்குடா" என்று மகனை அதட்டினாள். மாப்பிள்ளை ஒரு மூட்டை, மகள் ஒரு மூட்டை, டிரைவர் இரண்டு மூட்டை என்று பின்னறை நிரம்பியது. மத்தியானத்துக்குள் ரேக்கின் காலடி பளிச்சென்று காலியாகிவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில் பெட்டி தரைக்கு வந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளை ரசமட்டத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் டார்ச்சைத்தான் எடுத்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே அத்தனை டியூப்லைட்டும் எரிந்தன. டிரைவர் பட்டனை அமுக்கினார். திரை கீழேயிருந்து மெல்ல, சுருக்கமில்லாமல் எழும்பி ரேக்கை மூடிக்கொண்டு நின்றது. ப்ரொஜெக்டர் கண் விழித்தது.

அடேயப்பா! புல் பச்சையென்றால் அப்படியொரு பச்சை. ஆட்டக்காரனின் சட்டையில் மடிப்பு தெரிகிறது, முதுகில் எழுதியிருக்கும் எண் தெரிகிறது, நடுவரின் வழுக்கைத் தலையில் வெயில் அடிப்பது தெரிகிறது. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தார். டிரைவர் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டார். பட்டப்பகலில், எல்லா விளக்கும் எரிய, பக்கத்தில் மிஷின் கடகடக்க, அவர் ஒரு முழு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பந்தை வலைக்குள் அடித்தான். டிரைவர் நாற்காலியை விட்டுக் குதித்தார். "கோல்! போட்டுட்டான்! பாத்தியாம்மா, கோல்!"

"கோல் இல்லைங்க அது" என்றாள் டெய்லரம்மா. மிஷின் எப்போதோ நின்றிருந்தது. "ஆஃப்சைடு. அவன் முன்னாடியே போய் நின்னுட்டான்."

திரையில் நடுவர் கையைத் தூக்கினார். கோல் இல்லை. டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு சம்சாரத்தைப் பார்த்தார்.

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க தனியாக் கத்திட்டு இருந்தீங்கள்ல, அதைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டதுதான். பாக்கத்தான் வழியில்லாம இருந்துச்சு." அவள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து எட்டிப் பார்த்தாள். "உக்காருங்க, எனக்கு மறைக்குது."

அவர் உட்கார்ந்தார்.